கணக்கில் 6.9 ஓம், மீட்டரில் 0.6 ஓம்: எது சரி?

நண்பரே, உங்கள் 12 வோல்ட் பல்பில் 1.75 ஆம்பியர் ஓடுகிறது, வகுத்தால் 6.9 ஓம் வருகிறது, கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 0.6 தான் காட்டுகிறது, மீட்டர் பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதன் மேல் குற்றமில்லை.

நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதன் மின்தடையும் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். வகுத்துக் கிடைத்த 6.9 ஓம், சுடும் இழையின் தடை. திறனுக்கும் எரியும்போது எடுத்த அளவுகளையே பெருக்குங்கள்: 12 × 1.75 = 21 வாட். வோல்ட்டின் வர்க்கத்தை 0.6-ஆல் வகுத்தால் 240 வாட் என்று மிரட்டும். அது ஸ்விட்சைப் போட்ட அந்தக் கணத்துக்கு மட்டுமே பொருந்தும். பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே பியூஸ் ஆவதும் இதனால்தான்.

அந்த 0.6-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். இவ்வளவு சிறிய தடையை அளக்கும்போது மீட்டரின் வயர்களே 0.2, 0.3 ஓம் சேர்த்துவிடும். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, வரும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். வோல்ட்டையும் பேட்டரியில் பார்க்காமல், எரிகிற பல்பின் முனைகளிலேயே பாருங்கள். வயர் மெலிதாக இருந்தால் வழியிலேயே அரை வோல்ட் போய்விடும்.