பருப்பு வேகாத தண்ணீர்: கேள்வி பதில்

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் 27 ஆண்டுகள் சோதனைக் குழாய் கழுவி ஓய்வு பெற்றவன் நான். குடியிருப்பு திருப்பரங்குன்றம் பக்கம். வீட்டுத் தண்ணீரைப் பற்றி இன்று மாலை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எந்தக் கம்பெனி மெஷின் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

விளாங்குடி வாசகர்: ஐயா, மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கிறது. எங்கள் போர் தண்ணீரில் திரிதிரியாகத்தான் வருகிறது. ஒரே ஊரில் ஏன் இப்படி?

ஊர் ஒன்றுதான், தண்ணீர் வந்த வழி வேறு. குழாயில் வருவது மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை. 1895-இல் முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் திரும்பி, 1959-இல் திறந்த வைகை அணையில் தேங்கி வருகிறது. பாறையோடு அதற்கு அதிகப் பழக்கமில்லை. போர் தண்ணீரோ பாறை வெடிப்புகளில் பல ஆண்டுகள் ஊறிக் கிடந்தது. கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் வருமே, அது கால்சியம் கார்பனேட்டேதான். மழைத்தண்ணீர் மண்ணிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு இறங்கும்போது அதைக் கரைத்துக்கொண்டே போகிறது. அப்படிச் சேரும் கால்சியமும் மக்னீசியமும்தான் கடினத்தன்மை. சோப்பு முதலில் அவற்றோடு சேர்ந்து திரியாகிவிடும். மிச்சம் இருந்தால்தான் நுரை.

கூடத்தில் இதைப் பார்க்கும் விதம் அழகானது. 50 மில்லி தண்ணீரில் சாயம் ஒரு சிட்டிகை போட்டால் நாவல்பழச் சாறு நிறம் வரும். மேலிருந்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ என்ற ரசாயனத்தின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு மங்கி ஊதாவாகும்; அடுத்த ஒரே சொட்டில் பளிச்சென்று நீலம். ஒரு மில்லி செலவானால் கடினத்தன்மை லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கு. என் வீட்டுப் போர் தண்ணீர் 31 மில்லி குடித்த பிறகுதான் நீலமானது. 620. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-படி 200 வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனையூர் வாசகர்: சார், டிடிஎஸ் மீட்டர் 850 காட்டுகிறது. அப்படியானால் கடினத்தன்மை 850 தானே?

இல்லை. அந்தப் பேனா தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, கரைந்த உப்பு மொத்தத்தையும் உத்தேசமாகச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஒரு தம்ளர் மழைத்தண்ணீரில் சமையல் உப்பைப் போட்டு மீட்டரை வையுங்கள். எண் எகிறும், கடினத்தன்மை அநேகமாக அசையாது. மீட்டரை நம்பி மெஷின் வாங்காதீர்கள். முதலில் பரிசோதனை.

ஒத்தக்கடை வாசகி: குழாயில் பிடித்ததும் பால் போல வெள்ளையாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

தம்ளரில் வைத்துப் பாருங்கள். அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி. பயம் வேண்டாம்.

வில்லாபுரம் வாசகர்: கடினத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகக் கல் வருமா?

மருத்துவரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தவரை, உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தைக் காரணம் காட்டிக் கடினத்தன்மைக்கு எல்லை எதுவும் வைக்கவில்லை. சித்திரை வெயிலில் தண்ணீரே குடிக்காமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

திருநகர் வாசகி: ஐயா, போர் தண்ணீரில் துவரம்பருப்பு எவ்வளவு வேகவைத்தாலும் விதை விதையாக நிற்கிறது. மாமியார் பருப்புக்கென்றே மழைத்தண்ணீர் பிடித்து வைப்பார். அதில் உண்மை உண்டா?

உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு மசியும். கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் விதை விதையாக நிற்கிறது. புளியை முதலிலேயே ஊற்றினாலும் இதே கதை. புளிப்பும் பசையைக் கரைய விடாது.

உத்தங்குடி வாசகர்: மன்னிக்க வேண்டும், இது தவறு. நான் 30 வருடம் பலசரக்கு வியாபாரம் செய்தவன். வேகாதது பழைய பருப்பு. தண்ணீர் மேல் பழி போடாதீர்கள்.

பழைய பருப்பு வேகாது என்பதை நான் மறுக்கவில்லை ஐயா. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு உள்ளுக்குள்ளேயே இறுகிவிடும். அதனால் தண்ணீர் நிரபராதி என்று ஆகிவிடாது.

உத்தங்குடி வாசகர்: என் கடைப் பருப்பு எந்தத் தண்ணீரிலும் வெந்தது.

திருநகர் வாசகி: அண்ணாச்சி, ஒரே பாக்கெட்டில் பாதியைக் குழாய்த் தண்ணீரில் வைத்தால் வேகிறது, மீதியைப் போர் தண்ணீரில் வைத்தால் வேகவில்லை. இது பருப்பின் குற்றமா?

அம்மா, நீங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருக்க வேண்டியவர். ஐயா, நீங்களும் செய்து பாருங்கள். ஒரே பாக்கெட்டிலிருந்து 100 கிராம் வீதம் இரண்டு பங்கு. ஒரே அளவுப் பாத்திரம் இரண்டு. ஒன்றில் மழைத்தண்ணீர் அல்லது கேன் தண்ணீர், இன்னொன்றில் உங்கள் போர் தண்ணீர். மூடி இல்லாமல், ஒரே தணலில், கடிகாரத்தைப் பார்த்து வேகவையுங்கள். குக்கர் வேண்டாம், அதன் சூட்டில் வித்தியாசம் மறைந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்குங்கள்.

பரவை வாசகர்: இரண்டு சிட்டிகை சோடா உப்பு போட்டால் தீர்ந்தது. இதற்கு எதற்கு ஆராய்ச்சி?

வேகும், உண்மை. சோடா உப்பு பசையையும் இளக்கும், கொஞ்சம் கால்சியத்தையும் கீழே தள்ளும். கூடவே பருப்பில் உள்ள பி1 வைட்டமினும் போகும். சாம்பாரில் சவர்க்கார வாடை அடித்தால் என்னைக் கேட்காதீர்கள்.

அவனியாபுரம் வாசகர்: சாஃப்ட்னர் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

குளியலறைக்கும் துணி துவைக்கும் மெஷினுக்கும் சரி. ஹீட்டர் கம்பியில் பொருக்கு கட்டாது. ஆனால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. கடினத்தன்மையில் 100 மில்லிகிராம் எடுத்தால் ஏறக்குறைய 46 மில்லிகிராம் சோடியம் சேரும். 600-ஐ எடுத்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ரத்தக் கொதிப்புக்காரர் இருந்தால் சமையலறைக் குழாயை அதில் சேர்க்காதீர்கள். சாஃப்ட்னரை உப்புப் போட்டுக் கழுவிவிடும் தண்ணீரை முருங்கை மரத்தடியில் விடவும் கூடாது.

கூடல் நகர் வாசகி: தலைமுடி கொட்டுகிறது, போர் தண்ணீர்தான் காரணமா?

முடி சொரசொரப்பாவதற்குச் சோப்புத் திரி காரணம். கொட்டுவதற்குத் தோல் மருத்துவர்.

பசுமலை வாசகர்: டிடிஎஸ் 1100 வருகிறது. கடினத்தன்மை எவ்வளவு இருக்கும்?

மேலே ஆனையூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருமங்கலம் பக்கத்து வாசகர்: என் மகனுக்கு 9 வயது. முன்பற்களில் சுண்ணாம்புத் திட்டும் பழுப்புக் கோடும் இருக்கின்றன. தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம்.

தம்பி, இதற்குத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். இது கடினத்தன்மை இல்லை, ஃப்ளோரைடாக இருக்கலாம். நம்மைப் போன்ற கடினப் பாறைப் பகுதிகளின் ஆழ்துளைத் தண்ணீரில் அது வரக்கூடும். நிறமும் இல்லை, ருசியும் இல்லை, மீட்டருக்கும் தெரியாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-க்கு மேல் கூடாது. நாளைக்கே மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, இரண்டு லிட்டர் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். ஃப்ளோரைடு பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அறிக்கை வரும்வரை பையனுக்குக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் கொடுங்கள். பல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். ஃப்ளோரைடு இருந்தால், ஆர்ஓ வாங்குவதற்கு உண்மையான காரணம் அதுதான்.

ஒத்தக்கடை வாசகர்: குளியலறை டைல்ஸில் வெள்ளைக் கறை. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்து போட்டால் போகும் என்கிறார்களே?

கலக்கவே கலக்காதீர்கள்! குளோரின் வாயு கிளம்பும். கதவை மூடிய குளியலறையில் ஆள் போய்விடும். அந்தக் கறை சுண்ணாம்புதான். எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டித் தேய்த்தாலே சுருசுருவென்று பொங்கிக் கரையும். பிளீச்சிங் பவுடரின் வேலை கிருமியைக் கொல்வது, கறை எடுப்பது அல்ல.

ஐராவதநல்லூர் வாசகர்: டிடிஎஸ் 900. எந்த மெஷின் வாங்கலாம்?

பரிசோதனை செய்தீர்களா?

ஐராவதநல்லூர் வாசகர்: மீட்டரில் பார்த்தேனே.

அந்த மீட்டரை யாராவது வாங்கிக்கொண்டு போங்கள்.

உத்தங்குடி வாசகர்: சோதனை முடிந்தது ஐயா. போர் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டிலும் பருப்பு வெண்ணெய் போல வெந்துவிட்டது. நான் சொன்னதுதான் சரி.

நல்லது. எத்தனை நிமிடம் ஆனது?

உத்தங்குடி வாசகர்: நிமிடம் பார்க்கவில்லை. நாலு விசில்.