தனிக் கட்டுரையா, அமர்வா: ஓர் ஆய்வு மாணவருக்குப் பதில்

பர்மாவில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நீங்கள், அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட வணிக வரலாற்று ஆய்வாளர் அமைப்பான பிசினஸ் ஹிஸ்டரி கான்ஃபரன்ஸின் ஆண்டு மாநாட்டுக்குத் தனிக் கட்டுரையாக விண்ணப்பிப்பதா, மூன்று பேர் சேர்ந்து ஓர் அமர்வாக விண்ணப்பிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த வழியில் போனாலும் நீங்கள் அனுப்பிய வரைவுச் சுருக்கத்தைத் திருத்தியாக வேண்டும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1954 முதல் கூடிவரும் இந்த மாநாடு முழுக் கட்டுரையை வைத்துத் தேர்வு செய்வதில்லை. ஏறத்தாழ 300 சொற்களில் ஒரு பக்கச் சுருக்கமும் ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பும்தான் வழக்கமாகத் தேர்வுக் குழுவின் கைக்குப் போகின்றன. உங்கள் வரைவிலோ ஒன்பது நகரக் கோயில்கள், செட்டிநாட்டு வீடுகள், கடல் கடந்த வணிகம் என்று பாதிப் பக்கம் அறிமுகத்திலேயே கரைந்துவிடுகிறது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, நெல் விலை சரிந்து கடன்கள் திரும்பாமல் போனதால், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நான்கில் ஒரு பங்கை எட்டியது என்பது துறையில் உள்ளவர்கள் அறிந்த செய்தி. அவர்கள் அறியாதது உங்கள் கையில் இருக்கிறது: ஒரு குடும்பத்தின் பேரேடுகளும், காரைக்குடி முதலாளிக்கும் பர்மாவிலிருந்த ஏஜெண்டுக்கும் இடையே போய்வந்த கடிதங்களும். கடனுக்கு ஈடாக நிலத்தை ஏற்பதா, இன்னும் ஓர் அறுவடை பொறுப்பதா என்பதை இருவரில் யார், எந்தத் தகவலை வைத்து முடிவு செய்தார்கள் என்ற கேள்வியை முதல் இரண்டு வாக்கியங்களுக்குள் வையுங்கள். அடுத்து, எந்த ஆண்டுகளின் கணக்குகள் உங்களிடம் உள்ளன, எவை இல்லை என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். ‘இதுவரை யாரும் ஆராயாத’ என்ற தொடரை எடுத்துவிடுங்கள்; குழுவில் இருப்பவர் யாரேனும் ஆராய்ந்திருக்கக்கூடும்.

அமர்வு என்பது பொதுவாக மூன்று கட்டுரைகள், ஒரு தலைவர், ஒரு கருத்துரையாளர் என்று அமையும். நீங்கள் யோசித்திருப்பது போல மூன்றுமே செட்டிநாட்டைப் பற்றியவையாக இருந்தால், அந்த ஊர்க் கதை தெரிந்தவர்கள் மட்டுமே கேட்க வருவார்கள். தொலைவிலிருக்கும் ஏஜெண்டை முதலாளி எப்படிக் கட்டுக்குள் வைத்தார் என்ற ஒரே கேள்வியை மூன்று இடங்களில் கேட்டுப் பாருங்கள்: மூன்றாண்டுத் தவணையில் அனுப்பப்பட்ட உங்கள் ஏஜெண்டுகள், மத்திய ஆசியா வரை ஆள் அனுப்பிய சிந்து மாகாணத்து ஷிகார்பூர் வணிகர்கள், லண்டனிலிருந்து கடிதம் வழியாகவே கனடாவின் விலங்கு ரோமத்தோல் வணிக நிலையங்களை நடத்திய ஹட்சன்ஸ் பே கம்பெனி. இத்தகைய அமர்வுக்கு எழுதும் ஒரு பத்தி விளக்கம், மூன்று சுருக்கங்களின் கூட்டுத்தொகையாக இராமல், அவை எங்கே ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று காட்ட வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு ஆய்வாளர்களையும் தேடிப் பிடித்து, எழுத்தில் ஒப்புதல் பெற்று, அவர்களின் சுருக்கங்களையும் கெடுவுக்குள் வாங்குவது உங்கள் பொறுப்பாகிவிடும். இன்னும் ஒருவரிடமும் பேசியிராத நிலையில், இந்த ஆண்டு தனிக் கட்டுரையாக அனுப்புவதே சரி என்று எனக்குப் படுகிறது. தனியாக வரும் கட்டுரைகளைச் சேர்த்து அமர்வுகள் அமைப்பதைக் குழுவே செய்துகொள்ளும். புதிய ஆய்வாளர்கள் இம்மாநாட்டில் படிக்கும் முதல் கட்டுரைகளில் சிறந்ததற்குக் கெர் பரிசு தரப்படுவதையும், மாநாட்டை ஒட்டி நடக்கும் முனைவர் பட்ட மாணவர் பயிலரங்குக்குத் தனி விண்ணப்பம் வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மாநாடு எப்போதும் அமெரிக்காவில் நடப்பதில்லை. 2019இல் கொலம்பியாவின் கார்த்தகேனாவில் கூடியது. ஆகவே விசா எந்த நாட்டுக்கு என்பதைக் கட்டுரைகளுக்கான அழைப்பு வெளிவந்த அன்றே பார்த்துக்கொண்டு, பயணச் செலவுக்கான விண்ணப்பத்தில் உங்கள் நெறியாளரின் கையெழுத்தைச் சுருக்கம் அனுப்பும் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள்.