தனியாகப் பிள்ளை வளர்க்கும் தங்கைக்குச் சிறைதானா?

கடைத் திருட்டை ஒப்புக்கொண்ட உங்கள் தங்கை சிறைக்குத்தான் போக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். சிறை கட்டாயமில்லை. கடையில் திருடியதாக ஒப்புக்கொண்டவர், இரண்டு சின்னப் பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவர் என்றால் இங்கிலாந்து நீதிமன்றம் சமூகத் தண்டனை, அதாவது சிறைக்கு வெளியே இருந்தே அனுபவிக்கும் தண்டனை, தரலாம்: 40 முதல் 300 மணிநேரம் வரை ஊதியமில்லாத வேலை, புரோபேஷன் அதிகாரியை (தண்டனை பெற்றவர்களைக் கண்காணிப்பவர்) அடிக்கடி போய்ப் பார்ப்பது, போதைப் பழக்கம் இருந்தால் சிகிச்சை, இப்படி.

வக்கீல் பிள்ளைகள் பேச்சையே எடுக்கவில்லை என்கிறீர்கள். தண்டனைக்கு முந்தைய புரோபேஷன் அறிக்கையை அவர் இன்னும் கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது இல்லாவிட்டால் வீட்டில் பிள்ளைகளுக்கு வேறு ஆள் இல்லை என்பதே நீதிபதிக்குத் தெரியாமல் போகலாம்.

1. அந்த அறிக்கையைக் கேட்டாரா என்று இன்றைக்கே வக்கீலிடம் கேளுங்கள், போனில் மட்டும் இல்லாமல் மின்னஞ்சலிலும்.
2. பள்ளியிடமும் குடும்ப டாக்டரிடமும் கடிதம் வாங்குங்கள்.
3. பெதரிக் என்ற தாயின் வழக்கில் 2012-இல் வந்த தீர்ப்பை வக்கீலிடம் சொல்லுங்கள். தாயைச் சிறைக்கு அனுப்பினால் பிள்ளைகளின் நிலை என்ன என்பதை எடைபோட வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் விளக்கியது அதில்தான்.

ஆனால் தாய் என்பது மட்டுமே போதாது. பெதரிக் ஆபத்தாகக் கார் ஓட்டி ஓர் உயிர் போனதால் அவர் வழக்கிலேயே சிறை தப்பவில்லை, காலம்தான் குறைந்தது. அப்புறம், சமூகத் தண்டனையின் நிபந்தனைகளை மீறினால் மறுபடி நீதிமன்றம் ஏற வேண்டியிருக்கும்.