76 வயது அப்பாவுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பரவிவிட்டது. உடலின் எதிர்ப்புச் சக்தியை முடுக்கிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் இரண்டைச் சேர்த்துக் கொடுத்தால் தாங்குவாரா?

தாங்குவாரா என்பதை வயது மட்டும் தீர்மானிக்காது. தானாக நடமாடுகிறாரா, நன்றாகச் சாப்பிடுகிறாரா, இதயமும் சிறுநீரகமும் எப்படி, வீட்டில் கூடவே யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம்தான் முக்கியம். மும்பை செம்பூரில் என் மாமியாருக்கு உள்ளங்கால் மெலனோமா நுரையீரலுக்குப் பரவியபோது நாங்களும் இதையேதான் கேட்டோம். அவருக்குச் சர்க்கரையும் உண்டு.

முற்றிய மெலனோமா நோயாளிகளிடம் நடந்த செக்மேட் 067 ஆய்வில், நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளையும் சேர்த்துப் போட்டவர்களில் 43 சதவீதம் பேர் 10 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நிவோலுமாப் மட்டும் போட்டவர்களில் 37 சதவீதம். ஆனால் சேர்த்துப் போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான பக்கவிளைவு வந்தது. தனியாகப் போட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான். இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கு அதிகம் வருகிற உள்ளங்கால், நகத்தடி மெலனோமா இந்த மருந்துகளுக்கு அவ்வளவாகக் கட்டுப்படுவதில்லை.

எங்களைப் பயமுறுத்தியது பக்கவிளைவுதான். முடுக்கிவிட்ட எதிர்ப்புச் சக்தி குடல், ஈரல், தைராய்டு என்று எதை வேண்டுமானாலும் தாக்கலாம். பேதி ஆரம்பித்தால் மருந்துக்கடை மாத்திரையால் அடக்கப் பார்க்காதீர்கள், உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அப்போது சர்க்கரை எகிறும். பெரியவர்கள் "ஒண்ணுமில்ல, வயசாச்சு" என்று சமாளித்துவிடுவார்கள். மாமியாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சோர்வுக்குத் தைராய்டுதான் காரணம் என்று ரத்தப் பரிசோதனை காட்டியது. இத்தனைக்கும் அவருக்கு நிவோலுமாப் மட்டும்தான் கொடுத்தோம்.

நடுவழியும் ஒன்று இருக்கிறது. நிவோலுமாப்போடு ரெலாட்லிமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்தைச் சேர்ப்பது. அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. ஆய்வில் கடுமையான பக்கவிளைவு சுமார் 19 சதவீதம்தான். உங்களுக்குக் கிடைக்குமா, எவ்வளவு ஆகும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்டியில் பிராஃப் (BRAF) என்ற மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள், அதில் மாற்றம் தெரிந்தால் மாத்திரை சிகிச்சையும் கைவசம் இருக்கும்.

செலவைக் கேட்டதும் உறவினர்கள் "டாடா மெமோரியலில் குறைந்த டோஸ் போதும் என்கிறார்களே" என்பார்கள். 20 மில்லிகிராம் நிவோலுமாப் வைத்து மும்பையின் அந்தப் புற்றுநோய் மருத்துவமனையில் செய்த ஆய்வு தலை, கழுத்துப் புற்றுநோய்க்கானது. அதை மெலனோமாவுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அப்பா திடமாக இருந்தால் சேர்த்துக் கொடுப்பதையே நான் யோசிப்பேன். கையெழுத்துப் போடும் முன்பு, நடுராத்திரியில் பேதியோ மூச்சுத்திணறலோ வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, யார் எடுப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குச் சரியான பதில் இல்லாத இடத்தில் இரட்டை மருந்துக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.