நிலம் உங்கள் பேரில், மயில் யார் பேரில்?

கடற்கரையோரம் தனியார் சரணாலயம் வைப்பது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டோம்.

கேள்வி: ஐயா, கடலுக்குப் பக்கத்தில் எனக்கு 35 ஏக்கர் கருவைக்காடு சும்மா கிடக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்தபோது தென்னாப்பிரிக்காவில் ஒரு தனியார் காப்பகத்துக்குப் போனேன். திறந்த ஜீப், சிறுத்தை, ராத்திரி தங்கக் குடில் என்று அசத்தல். அதேபோல வேலி போட்டு, மான் மயில் விட்டு சஃபாரி நடத்தலாமா?
– வாசகர், சாயல்குடி

பதில்: நடத்த முடியாது. நிலத்துக்குப் பட்டா உங்கள் பேரில் இருக்கலாம், அதில் மேயும் மயிலுக்கும் முயலுக்கும் பட்டா கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுடுவது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, பொறி வைப்பது, விரட்டி அடைப்பது எல்லாமே வேட்டைதான். எங்கிருந்தோ நாலு புள்ளிமானைக் கொண்டுவந்து வேலிக்குள் விட்டால் உங்களுக்கு வருவது சுற்றுலாப் பயணி இல்லை, வனத்துறை ஜீப். அடைத்துவைத்து மக்களுக்குக் காட்டினால் சட்டத்தின் கண்ணில் அது மிருகக்காட்சிசாலை, அதற்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். "மான் நான் வாங்கித் தருகிறேன், பேப்பரெல்லாம் சரியா இருக்கு" என்று எவராவது வந்தால், ஈமு கோழியில் பணம் போட்டவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேறு என்ன செய்யலாம்? அதே சட்டத்தில் சமுதாயக் காப்பகம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. தனியாரோ ஊர்மக்களோ தாங்களாக முன்வந்தால் அவர்கள் நிலத்தை மாநில அரசு அப்படி அறிவிக்கலாம். கர்நாடகாவில் கொக்கரே பெல்லூர் அப்படித்தான்: நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள், மக்களின் சொந்தப் புளியமரங்களில் கூடு கட்டுகின்றன, யாரும் கொண்டுவந்து விட்டதில்லை. ஆனால் ஒன்று, இப்படி அறிவித்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை நினைத்தபடி மாற்ற முடியாது, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். நாளைக்கு இறால் பண்ணைக்குக் குத்தகைக்கு விடலாம், பிளாட் போடலாம் என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் இப்போதே பேசி முடித்துவிடுங்கள், பிள்ளைகளைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடில் கட்டுவதற்கு முன் கடற்கரை ஒழுங்குமுறை வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எங்கே விழுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஊர்ப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை கட்டடமே கூடாத இடங்கள் உண்டு.

கேள்வி: அப்படியானால் ஆப்பிரிக்காவில் மட்டும் எப்படி நடத்துகிறார்கள்? நமக்குத்தான் எல்லாத் தடையுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: அங்கே சட்டமே வேறு. தென்னாப்பிரிக்காவில் 1991-இல் வந்த ஒரு சட்டப்படி, போதுமான வேலி போட்ட நிலத்திலிருந்து விலங்கு தப்பி வெளியே போனாலும் உரிமை நிலத்துக்காரருக்கே. ஆகவே அங்கே காட்டெருமையை ஏலத்தில் வாங்கலாம், விற்கலாம். அப்புறம் பரப்பளவு. க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய சாபி சாண்ட் பல உரிமையாளர்கள் சேர்ந்து நடத்துவது, 60 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல். பூங்காவுக்கும் அதற்கும் நடுவே இருந்த வேலியை 1993-இல் பிரித்தே போட்டார்கள், விலங்கு தன் போக்கில் வந்துபோகட்டும் என்று. நம் மாநிலத்தில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நில உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர், மானாவாரிக்குக் கணக்கு கொஞ்சம் தாராளம் என்றாலும் சிறுத்தைக்குப் போதாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது கென்யாவில் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தின் பக்கம் நடப்பது. மாசாய் மக்கள் தங்கள் துண்டு நிலங்களைச் சேர்த்துச் சுற்றுலா நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்குகிறார்கள், விலங்கு இருக்கும்வரை வாடகை வரும் என்பதால் சிங்கத்தின் மேல் கோபம் வந்தாலும் ஈட்டியைத் தூக்க யோசிக்கிறார்கள். ஆனாலும் 2020-இல் கொரோனா வந்து விமானம் நின்றதும் காவலர் சம்பளத்துக்கே பல காப்பகங்கள் திண்டாடின. டிக்கெட் காசை மட்டும் நம்பினால் இதுதான் கதி.

கேள்வி: சரணாலயம் வைக்கிறவருக்கு என்ன, மயில் அங்கே தூங்கிவிட்டு எங்கள் கொல்லையில் வந்து தின்கிறது. நெல் நாற்று, மிளகாய்க் கன்று எதுவும் மிஞ்சவில்லை. எங்களுக்கு யார் பதில் சொல்வது?
– விவசாயி, முதுகுளத்தூர்

பதில்: கோபம் நியாயம். நம் ஊர் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மயிலுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. ஆனால் விஷம் வைக்காதீர்கள். மயிலைக் கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 7 வரை போகலாம், அதோடு அந்தத் தானியத்தைத் தின்று சாவது மயில் மட்டுமாக இருக்காது.

சாயல்குடி அன்பர் இதையும் படிக்க வேண்டும். பயணிகளுக்குக் காட்டுவதற்காக மயிலுக்குத் தானியம் இறைக்கவே கூடாது, அது கூட்டத்தை வளர்த்துப் பக்கத்துக்காரர் தலையில் கட்டுவது. வருமானம் வந்தால் முதல் பங்கு சுற்றியுள்ள கொல்லைக்காரர்களுக்கு, வழிகாட்டி வேலையும் சமையல் வேலையும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு. இதற்கு மனம் இல்லாதவர் சரணாலயம் என்ற பெயரை வைக்காமல் பண்ணை வீடு என்றே வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கருவையை ஜேசிபி விட்டு ஒரே மூச்சில் அழித்துவிட்டால் நிலம் தேறுமா?
– வாசகர், கமுதி

பதில்: ஒரே மூச்சில் வேண்டாம். காஞ்சிரங்குளம், சித்திரங்குடி கண்மாய்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது நாட்டுக்கருவேலத்திலும் இதே சீமைக்கருவையிலும்தான். பறவை குஞ்சு பொரித்துக் கிளம்பிய பிறகு, கோடையில், ஒரு பகுதியை மட்டும் வெட்டுங்கள். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு விற்றால் வெட்டுக்கூலியில் கொஞ்சமாவது திரும்பும். வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மழைக்கே துளிர்த்துவிடும். வெட்டிய இடத்தில் உடைமரம், பனை, கண்மாய்க்குள் நாட்டுக்கருவேலம் வையுங்கள். மரத்தைவிட முக்கியம் வரத்துக்கால்: வாய்க்காலைத் தூர்வாரி ஊருணிக்குத் தண்ணீர் வரவிட்டால் பறவை தானாக வரும். ஐப்பசி கார்த்திகை மழை ஏமாற்றினால் அந்த வருடம் பறவையும் இல்லை, பயணியும் இல்லை, இதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: எங்களிடம் படகு இருக்கிறது. தீவுப் பக்கம் கூட்டிப்போய் ஆவுளியா (கடல்பசு) காட்டினால் நல்ல காசு வருமே?
– மீனவ இளைஞர், மண்டபம்

பதில்: தம்பி, தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் இறங்கினால் படகோடு மாட்டுவீர்கள். ஆவுளியா கூச்சப் பிராணி, கலங்கல் தண்ணீரில் கடற்புல் மேய்வது, காசு வாங்கிக்கொண்டு காட்டுகிறேன் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. துரத்திப் போகிற படகின் விசிறி பட்டால் அது சாகும். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். ஒரு நாள் போய், டிக்கெட் காசில் படகோட்டிக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு என்று அவர்களிடமே கேளுங்கள். அந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க்கூட்டத்தில் வையுங்கள், அப்புறம் எல்லோருமாக வனச்சரக அலுவலகத்துக்குப் போகலாம். தனியாகப் போனால் காத்திருக்க வைப்பார்கள்.