வேனில் ஏற மனசு வரவில்லை

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 67 வயது. ஊர் காரைக்குடி பக்கம். அரசு பஸ் டிரைவராக இருந்து 58-ல் ஓய்வு பெற்றேன். பல வருஷம் திண்டுக்கல் ரூட்தான். தை பிறந்துவிட்டால் சிங்கம்புணரி, நத்தம் ரோடு நெடுகப் பழனிக்கு நடக்கிறவர்கள் வருவார்கள். ஹெட்லைட்டை டிம் பண்ணி, மெதுவாக ஒதுங்கிப் போவேன். ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு நானும் மாலை போட்டு நடந்தேன். அப்புறம் 22 வருஷம் விடவில்லை.

மாலை போட்டவர் யாரானாலும் 'சாமி'தான். டெப்போ மேனேஜர் ஒரு தடவை எங்களோடு நடந்தார். காலெல்லாம் கொப்புளம். "சாமி, அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொடுங்க" என்று என்னிடம் கேட்டார். அதை நான் மறக்கவே இல்லை.

போன வருஷம் நத்தம் தாண்டியதும் வலது முட்டி வீங்கிவிட்டது. தேய்மானம், நெடுந்தூரம் நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று என் பையை வாங்கிச் சுமந்த பையனே பின்னால், "பெருசு வந்தா லேட்டுதான்" என்றது காதில் விழுந்தது. இந்த வருஷம் குருசாமி, "அண்ணே, நீங்க வேன்ல வந்துருங்க" என்றார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன், பாய், பாத்திரத்தோடு ஒரு மூட்டையாகப் பின்னால் உட்கார்ந்து போவதா? வரவில்லை என்றேன். அதன்பின் யாரும் கூப்பிடவில்லை.

நடுவில் மகன் எங்கள் இருவரையும் காசிக்கு டூர் அனுப்பினான். நாற்பது பேர் வந்தார்கள், இன்றைக்கு ஒருத்தர் பெயரும் நினைவில்லை. ராமேஸ்வரம் மணலைக் கங்கையில் கரைத்து, கங்கைத் தண்ணீரை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுவந்து கொடுத்து, சம்பிரதாயத்தில் குறை வைக்கவில்லை. காசியில் ஒரு காயை விட வேண்டுமாமே, பாகற்காயை விட்டேன். அது எனக்கு ஆகாது என்பது முருகனுக்கும் தெரியும்.

தைப்பூசத்தன்று டிவியில் பார்த்தேன். நடந்த காலத்தில் மலை கண்ணில் பட்டதுமே அழுதவன் நான். இந்தத் தடவை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் நடந்தது முருகனுக்காகவா, கூட்டத்துக்காகவா? பக்தியே பொய்யோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை. மனைவி, "கோயில் வரைக்கும் பஸ் போகுதே, வாங்க போயிட்டு வருவோம்" என்கிறாள். அவளுக்குப் புரியவில்லை.

— ஓய்வு பெற்ற டிரைவர்

ஐயா, வணக்கம்.

முதலில் கண்ணீரைப் பற்றி. மலையைப் பார்த்து நீங்கள் அழுத நாட்களில் உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்று யோசியுங்கள். நாள்கணக்கான நடை, அரைகுறைத் தூக்கம், வெடித்த பாதம், நான்கு பக்கமும் அரோகரா. ஹாலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த உடம்பிடம் அதே கண்ணீரைக் கேட்டால் எங்கிருந்து கொடுக்கும்? அது வரவில்லை என்பதற்காக 22 வருஷத்தைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள்.

முருகனா கூட்டமா என்ற கேள்வியில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? சிவன் கோயில் பிராகாரத்தில் 63 பேரையும் வரிசையாக நிறுத்திக் கும்பிடுகிறவர்கள் நாம். அடியார் கூட்டத்தை விட்டுவிட்டுச் சாமியை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு இல்லை. மேனேஜர் உங்களிடம் எண்ணெய் கேட்டாரே, அந்த மாதிரி மேல் கீழ் கழன்று போகும் நிலைக்கு விக்டர் டர்னர் என்ற மானுடவியலாளர் 'கம்யூனிடாஸ்' என்று பெயர் வைத்தார். யாத்திரைகளைப் பற்றி அவர் நிறைய எழுதியிருக்கிறார். காசி டூரில் உங்களுக்குக் கிடைக்காமல் போனது அதுதான் என்று நினைக்கிறேன். அங்கே நீங்கள் டிக்கெட் வாங்கிய பயணி. உங்கள் எண்ணெய் யாருக்கும் தேவைப்படவில்லை.

இப்போது வேன். குருசாமி உங்களுக்கு ஒரு இடம் கொடுத்தார், வேலை கொடுக்கவில்லை. உங்களைச் சுட்டது அது. ஆனால் நீங்களும் வேலை எதுவும் கேட்கவில்லையே! விடியற்காலை நாலு மணிப் பனியில் ரோட்டோரம் நடக்கிறவர் டிரைவர் கண்ணுக்கு எத்தனை அடி தூரத்தில் தெரிவார், எந்த வளைவில் லாரி அடித்துக்கொண்டு வரும் என்பதெல்லாம் அந்தக் குழுவில் உங்களைப் போல வேறு யாருக்குத் தெரியும்? மாலை போடும் நாளிலேயே எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரமாக ஒற்றை வரிசை, காதில் இயர்போன் கூடாது. ராத்திரியில் வேனை எங்கே நிறுத்துவது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். இதை அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், குருசாமிக்கு நீங்களே போன் போடுங்கள். 'பெருசு' என்ற பையன்தான் உங்கள் பையையும் சுமந்தான். இரண்டையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

சிவகிரியையும் சக்திகிரியையும் தூக்கி வந்த இடும்பன், பழனியில் இறக்கி வைத்த பிறகு திரும்பத் தூக்க முடியாமல் நின்றவர்தானே. அவருக்கு அங்கே சன்னதி இருக்கிறது. காவடி எடுக்கிறவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டு ஏறுகிறார்கள். 693 படியும் உங்களுக்கு முடியாது என்றால் வின்ச் இருக்கிறது, ரோப்கார் இருக்கிறது. உங்கள் முட்டியைப் பார்த்து முருகன் முகம் சுளிப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

டாக்டரை இன்னொரு தடவை பாருங்கள். 'நெடுந்தூரம் கூடாது' என்றால் எவ்வளவு தூரம் வரை கூடும் என்று கேளுங்கள். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். தூக்கமின்மையோடு பசியும் குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதை வயசு என்று தள்ளாதீர்கள். 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம்தான், தமிழில் பேசலாம்.

ஒன்று மிச்சம். 22 வருஷம் நீங்கள் நடந்தபோது உங்கள் வீட்டம்மா எங்கே இருந்தார் என்று கடிதத்தில் இல்லை. "வாங்க போயிட்டு வருவோம்" என்றது உங்களைத் தேற்றவா, அவருக்கே போக ஆசையா? கேட்டீர்களா? பூசம் வரை வேண்டாம், வருகிற கிருத்திகைக்கே இருவரும் பஸ்ஸில் கிளம்புங்கள். அவருக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்து, எந்த மரத்தடியில் படுத்தீர்கள், எங்கே சுக்குக்காபி குடித்தீர்கள், முட்டி எந்த இடத்தில் மக்கர் பண்ணியது, எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே போங்கள்.

பாகற்காய் விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. காசியில் அவர் எதை விட்டார் என்று மட்டும் வழியில் கேட்டுப் பாருங்கள்.