ஹோம்ஸ் சிராங்கூன் சாலையில் சண்டை போடலாமா?

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் ஷெர்லாக் ஹோம்ஸை இன்றைய சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து ஒன்றரை மணி நேரத் தமிழ்ப் படம் எடுக்கத் திரைக்கதை எழுதி வருகிறோம். கதை லிட்டில் இந்தியாவில் நடக்கிறது. பணம் போட முன்வந்தவர், "ஆறு சண்டையாவது வேண்டும்" என்கிறார். கூட எழுதும் தோழியோ, "சண்டை போட்டால் அவர் ஹோம்ஸே இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி? எழுத்தாளரின் வாரிசுகளிடம் உரிமை வாங்க வேண்டுமா?
– வாசகர், ஈசூன்

பதில்: முதலில் உங்கள் தோழிக்குச் சொல்லிவிடுகிறேன். ஹோம்ஸ் ஆரம்பம் முதலே சண்டைக்காரர்தான். 1887இல் வந்த முதல் கதையிலேயே, தன் அறைத்தோழருக்கு என்னென்ன தெரியும் என்று வாட்சன் பட்டியல் போடுகிறார். இலக்கியம் சுத்தமாகத் தெரியாது என்று எழுதிய அதே பட்டியலில், கம்புச் சண்டை, குத்துச்சண்டை, வாள்வீச்சு மூன்றிலும் தேர்ந்தவர் என்றும் எழுதிவைக்கிறார். 1890இல் வந்த இரண்டாவது நாவலில், 'பாண்டிச்சேரி லாட்ஜ்' என்ற வீட்டின் வாசலில் காவலாளி ஹோம்ஸை உள்ளே விட மறுக்கிறான். நான்கு வருடத்துக்கு முன் உன்னோடு மூன்று சுற்று குத்துச்சண்டை போட்டவன் நான்தான் என்று ஹோம்ஸ் நினைவூட்டுகிறார். அவன் முகம் மலர்ந்து கதவைத் திறக்கிறான்.

அந்த இடத்தைத் திரைக்கதை எழுதுபவராக ஒருமுறை படித்துப் பாருங்கள். சண்டை நம் கண்ணில் படவே இல்லை, ஆனாலும் அது கதையை ஒரு அடி முன்னே தள்ளுகிறது. இன்னொரு கதையில் முரட்டு வில்லன் ஒருவன் வீட்டுக்கே வந்து, கணப்பு கிளறும் இரும்புக்கம்பியை வளைத்துப் போட்டு மிரட்டிவிட்டுப் போகிறான். அவன் போனதும் ஹோம்ஸ் அந்தக் கம்பியை எடுத்து நிமிர்த்திவிடுகிறார். ஒரு அடிகூட விழவில்லை. இருவருடைய பலமும், குணமும், பின்னால் வரப்போகும் ஆபத்தும் அரை நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

ஆக, ஹோம்ஸ் அடிக்க மாட்டார் என்ற இடத்தில் உங்கள் தோழி தவறு. சண்டை வைத்தால் ஹோம்ஸ் காணாமல் போய்விடுவார் என்ற அவருடைய பயம் மட்டும் மிகச் சரி. தழுவல்கள் பெரும்பாலும் அங்கேதான் சரிகின்றன. முதல் பாதியில் அறிவாளியாக இருந்தவர், இடைவேளைக்குப் பிறகு எந்தப் படத்திலும் பார்க்கக்கூடிய சண்டை நாயகனாகிவிடுவார். அதற்குக் காரணம் சண்டைகளின் எண்ணிக்கை இல்லை. சண்டை நடக்கும்போது துப்பறிதல் நின்றுவிடுகிறது, அதுதான் காரணம். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரே கேள்வியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: இந்தச் சண்டைக்கு முன் தெரியாத எது, முடிந்தபின் அவருக்குத் தெரிகிறது? பதில் இல்லையென்றால் அந்தக் காட்சி எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

2009இல் ராபர்ட் டவுனி ஜூனியர் ஹோம்ஸாக நடித்து வந்த படம் இதற்கு ஒரு வழி கண்டது. குத்துச்சண்டைக் களத்தில் அடி விழுவதற்கு முன்பே, எங்கே அடித்தால் எது உடையும், எதிராளி தேற எத்தனை வாரம் ஆகும் என்று ஹோம்ஸ் மனத்துக்குள் கணக்குப் போடுவது மெதுவாக ஓடுகிறது. அடுத்த நொடி அதே அடிகள் நிஜ வேகத்தில் விழுகின்றன. முதலில் சிந்தனை, பிறகு செயல் என்று ஒரே சண்டையை இருமுறை பார்க்கிறோம். 2011இல் வந்த அடுத்த பாகத்தின் முடிவில் ஹோம்ஸின் பரம எதிரி மோரியார்ட்டியும் அதே கணக்கைப் போடுகிறான். தான் தோற்பது உறுதி என்று ஹோம்ஸே கண்டுகொள்கிறார். இரண்டு மூளைகள் மோதுவதை உடம்பின் மூலம் காட்டியதால்தான் அது சண்டைக்காட்சியாக நிற்கிறது. இந்த உத்தியை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். சட்டம் தடுக்காவிட்டாலும், திரையரங்கில் முதல் நொடியிலேயே ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மாறாக, அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் புவாரோவை வைத்து 2017இல் வந்த படத்தில் பனியில் நின்றுபோன ரயிலிலிருந்து இறங்கி, பாலத்தின் மரச்சாரங்களில் ஒரு துரத்தல் வருகிறது. 1934இல் வந்த நாவலில் அப்படி ஒன்று கிடையாது. நாவலின் வேகம் முழுக்க, ஆட்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேள்வி கேட்பதில் இருக்கிறது. துரத்தலை எடுத்துவிட்டுப் பார்த்தால் வழக்கின் முடிச்சு அப்படியேதான் இருக்கும். நான் சொன்ன கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தக் காட்சி தேறியிருக்காது.

உங்கள் கதைக்கு இதை எப்படிச் செய்வது என்று ஒரு காட்சியை வைத்தே காட்டுகிறேன். சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடை. இரவில் விளக்கணைந்த கடைக்குள் உரிமையாளர் கொல்லப்படுகிறார். மேசைக்கடியில் ஒளிந்திருந்த கடைப்பையன் ஒரே ஒரு விஷயம் சொல்கிறான்: இடப்பக்கம் போன் அதிர்ந்தது, கொலைகாரன் சட்டென்று அந்தப் பக்கமே திரும்பினான். சந்தேகம் ஒரு அடியாள் மேல் விழுகிறது. துப்பறிபவர் விசாரிக்கப் போகும்போது அவன் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப்போட்டு, வலக்காதைக் காட்டியே பேசுகிறான். கேமரா இதைச் சுட்டிக்காட்ட வேண்டாம், பார்வையாளர் கண்ணில் பட்டால் போதும்.

அன்றிரவு டன்லப் ஸ்ட்ரீட் கடைவீடுகளின் பின்சந்து. இரும்புச் சுழற்படி, ஏசி இயந்திரங்களின் இரைச்சல், சுவரில் சாய்த்துவைத்த மாப்புக் கட்டைகள். இரண்டு பேர் வழிமறிக்கிறார்கள், அவர்களில் ஒருவன் இவன். துப்பறிபவர் சிலம்பம் கற்றவர், ஆனால் சந்தில் ஆளுயரக் கம்பைச் சுழற்ற இடமில்லை. மாப்புக் கட்டையை முழங்காலில் உடைத்துக் குட்டைக் கம்பாக்கிக்கொள்கிறார். கைகலப்பில் குப்பைத்தொட்டி மூடி ஒன்று அடியாளின் இடப்பக்கம் விழுந்து உருள்கிறது. கூட்டாளி அந்தப் பக்கம் திரும்புகிறான். இவனோ வலப்பக்கம் திரும்புகிறான். துப்பறிபவருக்கு அது போதும். அடுத்த மூன்று அடியும் இடப்பக்கமிருந்து விழுகின்றன, எதையும் அவனால் முன்கூட்டி உணர முடியவில்லை. அவன் விழுந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே சுழற்படியில் உட்கார்ந்து துப்பறிபவர் சொல்கிறார்: "கொலை செய்தது இவனில்லை."

ஒரு காது கேட்காதவருக்குச் சத்தம் கேட்கும், ஆனால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. இருட்டில் போன் சத்தத்தை நோக்கி நேராகத் திரும்ப இவனால் முடியாது. தோற்றுப்போன அடியாளை அந்தச் சண்டையே நிரபராதியாக்கிவிட்டது. இதை எடுக்கக் கிரேன் வேண்டாம், கார் வெடிக்க வேண்டாம். ஒலிப்பதிவு நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காதைப் பற்றிய விளக்கத்தை யார் சொல்வது? வாட்சன்தான். அசல் வாட்சன் ஆப்கன் போரில் அடிபட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர். இங்கே தேசிய சேவையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர் என்றோ, குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்சில் வேலை பார்க்கும் பெண் என்றோ வைத்தால் இயல்பாகப் பொருந்தும். சண்டைப் படத்தில் அந்தப் பாத்திரத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: அடிபட்டால் வலிக்கும் என்பதை நினைவில் வைத்திருப்பது. முந்தின காட்சியில் விரல் பிசகியிருந்தால் அடுத்த காட்சியில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது அது தெரிய வேண்டும்.

ஆறு சண்டைக்குப் பதில் மூன்று போதும் என்பது என் கருத்து. ஒன்று மேலே சொன்னது போல. இன்னொன்றில் அவர் தோற்க வேண்டும், அதுவும் எதிராளியைத் தப்பாகக் கணித்ததால். மூன்றாவதை அவர் பேசியே தவிர்க்கட்டும். தயாரிப்பாளரிடம் எண்ணிக்கையைப் பேசாதீர்கள், மேலே உள்ளது போல ஒரு காட்சியை முழுதாக எழுதிக் காட்டுங்கள். பணம் போடுபவருக்கும் ஆறு சண்டையை அவசர அவசரமாக எடுப்பதைவிட மூன்றை ஒத்திகை பார்த்து எடுப்பது சிக்கனம்.

சிங்கப்பூர் என்பதால் சில விஷயங்கள் உங்கள் கையைக் கட்டும். அவற்றைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். 2021இலேயே காவல்துறை பொருத்திய கேமராக்கள் 90,000க்கும் மேல். நடுச்சாலையில் பத்துப் பேரை அடித்துப்போட்டு நாயகன் நடந்துபோனால் உள்ளூர்ப் பார்வையாளர் நம்ப மாட்டார். வேண்டுமென்றே ஒருவருக்குக் காயம் விளைவித்தால் மூன்றாண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம். தனியார் துப்பறிவாளருக்கு உரிமம் தேவை, அடித்தால் அது போய்விடலாம். எனவே சண்டை குறுகிய இடத்தில், சில நொடிகளில், வேறு வழியில்லாமல் நடக்க வேண்டும். கேமராவில் பதிவானதைக் காவல்துறையே பார்த்துக்கொள்ளும். உங்கள் ஆள் பார்க்க வேண்டியது, கேமரா பதிவு செய்தும் யாருக்கும் புரியாததை. ஹோம்ஸுக்குத் துப்புக் கொண்டுவரும் தெருப் பிள்ளைகளின் இடத்தில் உணவு விநியோக ஓட்டுநர்களை வையுங்கள். எந்தப் புளோக்கிலும் எந்த மாடியிலும் அவர்களை யாரும் ஏனென்று கேட்பதில்லை. மாறுவேடத்துக்கும் அந்தச் சட்டையே போதும்.

துப்பாக்கி வேண்டாம். இந்த ஊர்க் கதையில் துப்பாக்கி வந்தால் அது எப்படி உள்ளே வந்தது என்பதே தனி வழக்காகிவிடும். கம்புச் சண்டை தெரிந்த ஹோம்ஸுக்குத் தமிழில் சிலம்பத்தைவிடப் பொருத்தமானது எதுவுமில்லை. அசலுக்கும் அதுதான் நெருக்கம்.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாண்டிச்சேரி லாட்ஜ் நாவலில் சிங்கப்பூரும் வருகிறது. அந்தமான் சிறையிலிருந்து தப்பிப் படகில் வருபவனைக் காப்பாற்றுவது, மலாய் யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூரிலிருந்து ஜித்தா போகும் கப்பல். 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் நாடுகடத்தப்பட்டு வந்த ஊர் இது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டியது அவர்களுடைய உழைப்பு. அந்தமானையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பழைய கைதி வரலாற்றில் ஒரு வழக்கின் வேர் இருந்தால், ஹோம்ஸை இங்கே ஏன் கொண்டுவந்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நாவல் அந்தமான் பழங்குடி மனிதனைச் சித்திரிக்கும் விதம் மட்டும் கொடுமையானது. அதை எடுக்காதீர்கள்.

உரிமை விஷயம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில் 1930இல் இறந்தார். சிங்கப்பூரில் பதிப்புரிமை எழுத்தாளர் இறந்தபின் 70 ஆண்டு. அந்தக் கணக்கிலேயே 2000 முடிவோடு தீர்ந்துவிட்டது. இந்தியாவில் 60 ஆண்டு, மலேசியாவில் 50, அங்கேயும் சிக்கலில்லை. கடைசியாக நின்ற அமெரிக்காவிலும் 2023 ஜனவரி 1 முதல் எல்லாக் கதைகளும் யாரும் எடுக்கக்கூடிய பொதுச்சொத்து. உலகளாவிய தளத்துக்குப் படத்தைக் கொடுக்க நினைத்தால் இந்தக் கடைசித் தேதிதான் உங்களுக்கு முக்கியம். படத்தின் தலைப்பில் ஹோம்ஸ் பெயரை வைக்காதீர்கள். வணிகக் குறி சம்பந்தப்பட்ட வீண் தகராறு வேண்டாம், நாயகனுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது படத்துக்கும் நல்லது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்து அதன் வசனங்களை எடுத்தீர்களானால், மொழிபெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. ஆங்கில மூலத்திலிருந்தே எழுதுங்கள். பிற்காலப் படங்களும் தொடர்களும் புதிதாகச் சேர்த்த பாத்திரங்களையும் நிகழ்ச்சிகளையும் தொடாதீர்கள். புவாரோ மேல் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். அகதா கிறிஸ்டி இறந்தது 1976இல், இங்கே 2046 முடியும்வரை அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. துப்பறிவாளர் சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் 1977இல் மறைந்தார், அதுவும் அப்படியே.

தமிழிலிருந்தே ஒரு துப்பறிவாளர் வேண்டுமென்றால் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரைப் படித்துப் பாருங்கள். ஆசிரியர் 1942இல் மறைந்துவிட்டார், 70 ஆண்டு எப்போதோ கழிந்துவிட்டது. 1950இல் எம்.என். நம்பியார் பல வேடங்களில் நடித்து அது படமாகவும் வந்தது. அந்தப் படத்தின் உரிமை வேறு, நாவலை மட்டும் எடுங்கள். எனக்கு ஹோம்ஸைவிட இந்தச் சாமியார் சிராங்கூன் சாலையில் நடப்பதைப் பார்க்கத்தான் ஆசை.

அனுமதிகளைத் திரைக்கதை முடிந்ததும் தொடங்கிவிடுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுக்க நகர மன்றம், பூங்காவில் எடுக்கத் தேசியப் பூங்காக் கழகம். போலித் துப்பாக்கியோ காவல் சீருடையோ ஒரே ஒரு காட்சியில் வந்தாலும் காவல்துறையிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டும். படத்தைப் பொதுவில் திரையிடத் தகவல் தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தர வகைப்பாடு தேவை. ரத்தத்தை எவ்வளவு காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பிஜி13 ஆகவோ, 16 வயதுக்குட்பட்டவர்கள் பார்க்க முடியாத என்சி16 ஆகவோ வரலாம். பள்ளி மாணவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்தால் அதை இப்போதே முடிவு செய்து சண்டையை எழுதுங்கள். பின்சந்துக் காட்சி எடுக்கும் நாளில் அக்கம்பக்கக் கடைக்காரர்களுக்கும் மாடிவீட்டுக்காரர்களுக்கும் தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் நான்கிலும் அறிவிப்பு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது டேக்குக்குள் யாராவது 999ஐ அழைத்துவிடுவார்கள்.